எண்பத்தொன்றில் எழுந்த கோடு

பன்னிரண்டரை மணிக்குக் கழுவுமிடத்தின் சிறு சன்னல் வழியாக என் சாப்பாட்டு டப்பாவை உள்ளே நீட்டுவேன். ஈரக் கை ஒன்று வந்து வாங்கிக்கொள்ளும். பேச்சு இராது. மூன்று மணிக்கு அதே சன்னல் விளிம்பில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மூடியின் மேல் என் மனைவி ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பூ ஒன்று உண்டு. அது என் பக்கம் பார்த்தபடி இருக்கும். ஆறு வாரம் இவ்வாறு நடந்தது. விடியலில் எழுந்து அவள் சமைத்த சோற்றையும் காயையும் வேறொருவர் உண்ண, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய், "இன்னைக்கி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைக்கு உரியவரைத் துறையில் எல்லோரும் கண்ணாடியக்கா என்றே அழைத்தோம். மூன்று ஆய்வுக்கூடங்களின் குடுவைகள், குழாய்கள், அளவு உருளைகள் யாவும் பதினோராண்டுகளாக அவர் கையால்தான் கழுவப்பட்டுவந்தன. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். துறையின் பதிவேட்டில் இடம் இல்லாதவர். ஆயினும் அவருக்கு இருந்த கண்டிப்பு பட்டம் பெற்ற எங்களில் பலருக்கு இருந்ததில்லை. கழுவிய குடுவையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். "தண்ணி முத்து முத்தா நின்னா இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம். ஒரே துணியா வழிஞ்சு இறங்கிடணும்" என்பார். ஒரு முத்து நின்றாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். என் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் குடுவை விரைவில் உலர்வதற்காகக் கடைசியில் சிறிது அசிட்டோன் ஊற்றி அலசுவார்கள். நகப்பூச்சை அழிக்கப் பயன்படுத்துகிறார்களே, அந்தத் திரவந்தான். என் குடுவைகளில் அது ஒரு சொட்டும் படலாகாது. வடித்த நீரில் மும்முறை அலசி, உலர்த்தும் அடுப்பில் வைத்து எடுக்கவேண்டும்.

"உங்க பாத்திரத்துக்கு மட்டும் மாமியார் வீட்டு மரியாதை சார்" என்று கேலி செய்வார்.

அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. உப்பு நீரில் கரையும்போது அதிலுள்ள சோடியம் நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாகப் பிரிகிறது. அது தனித்து நிற்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தத்தம் ஆக்சிஜன் முனையை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு அதைச் சூழ்ந்து அமர்கின்றன. முதல் வளையத்தில் எத்தனை அமர இயலும், எத்தனையாவது நீர் இடமின்றி இரண்டாம் வளையத்துக்குப் போகிறது என்பதே என் கேள்வி. உப்புநீரை மின்னழுத்தம் ஏற்றிய ஊசிமுனையிலிருந்து பனிபோலத் தூவினால், துளிகள் காற்றிலேயே உலர்ந்துவிடும். சில நீர் மூலக்கூறுகளை மட்டும் விடாது பற்றிக்கொண்ட அயனிகள் பொறியின் வாய்க்குள் செல்லும். பொறி அவற்றை எடைபார்த்துத் திரையில் கோடுகளாக நிறுத்தும். வெறுஞ் சோடியத்துக்கு இருபத்து மூன்று. ஒரு நீர் சேர்ந்தால் நாற்பத்தொன்று. இரண்டு சேர்ந்தால் ஐம்பத்தொன்பது. இப்படிப் பதினெட்டுப் பதினெட்டாக உயரும் அந்தப் படிகளில்தான் என் இருபதாண்டுகள் கழிந்தன. அசிட்டோன் உள்ளே நுழைந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். நீரைவிட அது அயனியை இறுகப் பற்றும். பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே போதும். அது வந்து அமர, முன்பே அமர்ந்திருந்த நீர் எழுந்து போய்விடும்.

அந்த ஆண்டு எனக்கு அறுபது நிறைந்தது. ஓய்வுபெறும் ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் பணி நீட்டிப்பு வழங்கும் வழக்கம் எங்கள் கல்லூரியில் உண்டு. மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அதனை நான் எவரிடமும் கூறவில்லை, மனைவியிடமுங்கூட. கூறினால் வீட்டில் உட்காரச் சொல்வாள். துறையில் இடத்தை வேறொருவர்க்குக் கொடுப்பார்கள். ஐந்தாம் நீரா ஆறாம் நீரா என்ற கேள்வி தீராமலே நின்றுவிடும் என்றெல்லாம் எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு, மருத்துவப் பரிசோதனைக்கு முன் ஆறு வாரம் பட்டினி கிடந்து இரத்தத்தின் சர்க்கரையை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் பாதி வயிறு, மதியம் ஒன்றுமில்லை, இரவில் மதியச் சாப்பாடு செரிக்கவில்லை என்று சொல்லி ஒரு கிண்ணம் கீரை. டப்பாச் சோற்றைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. ஆகவே சன்னல் வழியாக நீட்டினேன்.

முதல் நாள், வயிறு சரியில்லை என்றேன். பத்தாம் நாள் கண்ணாடியக்கா டப்பாவை வாங்காமல் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"தினமும் வயிறு சரியில்லையா சார்? இல்ல வீட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. பரிசோதனை முடியற வரைக்கும்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நம்ம மிஷின் பரிசோதனையா?"

"இல்ல. என்னோடது."

அவர் சிரித்தார். "ஆனா பழம் மட்டும் ஒளிச்சு வச்சு சாப்பிடறீங்க. பேசறப்ப வாயில கனிஞ்ச பழ வாசனை வருது" என்றார். நானும் சிரித்தேன். பட்டினி கிடப்பவன் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும்போது மூச்சில் எந்தப் பொருள் வெளிவரும், அதன் மணம் எத்தகையது என்பதை முப்பதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக்காட்டி வந்தவன் நான். அன்று சிரித்துவிட்டு நடந்தேன்.

நான்காம் வாரத்தில் அந்தக் கோடு எழுந்தது. நாற்பத்தொன்றும் ஐம்பத்தொன்பதும் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லாமல் குறுகிக் கிடந்தன. எண்பத்தொன்றில் ஒரு கோடு ஒட்டடைக்கம்புபோல் நெட்டுக்குத்தலாக நின்றது. இருபத்து மூன்றும் ஐம்பத்தெட்டும் எண்பத்தொன்று. ஐம்பத்தெட்டு என்பது அசிட்டோனின் எடை. எனக்குத் தாளும் எழுதுகோலும் வேண்டியிருக்கவில்லை.

"வெற்றுச் சோதனை ஒண்ணு போட்டுப் பாக்கலாமா சார்?" என்று என் ஆய்வு மாணவி கேட்டாள். உப்பும் இல்லாமல், குடுவையும் மாற்றி, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை அது. அவளுக்கு அதைக் கற்பித்தவன் நானே.

"எண்பத்தொண்ணுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெற்று வயிற்றின் எரிச்சலில் எனக்கு அப்போது எல்லோர்மேலும் கோபம் வந்துகொண்டிருந்தது. அதையுங்கூடக் கண்டிப்பு என்றே எண்ணிக்கொண்டேன்.

கண்ணாடியக்காவை அழைத்துக் கேட்டேன். "உங்க பாத்திரத்துல அத நான் தொடறதே இல்ல சார். அந்த பாட்டில் இருக்கற தட்டுப் பக்கமே போகமாட்டேன்" என்றார். மறுநாளும் கோடு நின்றது. அடுத்த நாள் இன்னும் உயர்ந்தது. நான் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அழகான கடிதம். ஒற்றுப் பிழை இல்லாமல், ஒருமை பன்மை மயங்காமல், "மேற்படியாரின் தொடர்ந்த கவனக்குறைவினால் ஆய்வு பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது" என்று முடிந்திருந்தது. இன்றும் அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

புதன்கிழமை காலை கழுவுமிடத்திலேயே விசாரணை நடந்தது. துறைத்தலைவர், அலுவலகக் கண்காணிப்பாளர், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை, குறிப்பெடுக்க என் மாணவி, நான். ஒருவர் நின்று கழுவுவதற்காகக் கட்டப்பட்ட அவ்விடத்தில் அத்தனை பேரும் தோளோடு தோள் இடித்து நின்றோம். கண்ணாடியக்கா தொட்டியின் மூலையில் ஒடுங்கி நின்றார். தாம் அசிட்டோனைத் தொடவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்காணிப்பாளர் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். உலர்த்தும் பலகையின் பின்னால் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். முந்தின நாள் மாலை எடுத்துச்செல்ல மறந்திருந்தேன்.

"இது என்ன, ஆய்வுக்கூடத்துல சாப்பாட்டு டப்பா? யாரோடது?"

கண்ணாடியக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். பித்தளைக் குழாய், வாயில் ஒரு துளி திரண்டு விழாமல் தொங்கிற்று. அதனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னோடதுங்க" என்றார் அவர்.

"நச்சு மருந்து வைக்கிற இடத்துல சாப்பாடு வேறயா! இவங்க கையால கழுவினா எப்படி இருக்கும்?" என்றார் கண்காணிப்பாளர். அதுவும் குற்றப்பட்டியலில் ஏறியது. என் மாணவி குனிந்து எழுதினாள். பிற்பகலில் கண்ணாடியக்காவை மாணவர் விடுதிக் குளியலறைகளைக் கழுவ மாற்றிவிட்டார்கள். தம்முடையது என்று சொல்லிவிட்டதால் டப்பாவையும் அவரே எடுத்துச்செல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் பேருந்தில் தவறவிட்டேன் என்றேன். "நல்ல ஈயம் போல கனமான டப்பாங்க. பூ வேற குத்தி வச்சிருந்தேன்" என்று மனைவி இரண்டு நாள் புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவப் பரிசோதனை நடந்தது. இரத்தத்தில் சர்க்கரை வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. வேறெதனையும் அவர்கள் பார்க்கவில்லை. சான்றில் முத்திரை விழுந்தது. அன்று இரவு என் மனைவி வியக்கும்படி மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். திங்களன்று பொறியை இயக்கியபோது எண்பத்தொன்றில் ஒன்றுமில்லை. நாற்பத்தொன்று, ஐம்பத்தொன்பது, எழுபத்தேழு என்று படிகள் வழக்கம்போல் நின்றன. ஆய்வேட்டில் தேதியிட்டு எழுதினேன்: 'காரணம்: கழுவுபவரின் கவனக்குறைவு. நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே கையொப்பமும் இட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். டப்பாவின் நினைவு எப்போதாவது நெஞ்சில் முள்ளாகக் குத்தும், 'அது வேறு, இது வேறு. அசிட்டோன் ஊற்றியது உண்மைதானே' என்று அதனை அமர்த்திவிடுவேன்.

ஓர் ஆண்டு சென்றது. கண்ணாடியக்காவின் இடத்தில் குடுவை கழுவும் இயந்திரம் ஒன்றை நிறுத்தினார்கள். இரண்டாம் நீட்டிப்புக்கான பரிசோதனை நெருங்கிற்று. நான் மறுபடியும் பட்டினியைத் தொடங்கினேன். இம்முறை சோற்றை விடுதிக்குப் பின்புறம் நாய்களுக்குப் போட்டேன். நான்காம் வாரத்தில் எண்பத்தொன்றில் கோடு எழுந்தது.

குடுவைகளை உடைத்தெறிந்து புதியன வாங்கினேன். கோடு போகவில்லை. அசிட்டோன் பாட்டில்களை அடுத்த கட்டடத்துக்கு மாற்றச் செய்தேன். அப்போதும் போகவில்லை. இறுதியில் பொறியைப் பழுதுபார்ப்பவரை வரவழைத்தோம். பருத்த உடலும் ஓயாத வாயும் உடைய அவரை நாங்கள் மிஷின் டாக்டர் என்போம். வந்ததும் முக்காலியில் அமர்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே குமிழ்களைத் திருகினார். நான் வழக்கம்போல் குனிந்து ஊசிமுனையைப் பார்த்தேன். என் ஊசி நானே அமைத்தது. மூடி போட்டால் பொருந்தாது. ஆகவே பொறியின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். கண் மங்கிவிட்டதால் ஒரு சாண் தொலைவு வரை முகத்தைக் கொண்டுபோனால்தான் தூவல் எனக்குத் தெரியும்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் மிஷின் டாக்டர்.

நின்றேன்.

"உள்ள வாங்க. முன்ன பாத்த மாதிரியே குனிஞ்சு பாருங்க. ம். இப்ப வெளிய போங்க."

நான்கு முறை போய் வந்தேன். நான்காம் முறை அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஷினுக்கு உங்கமேல அப்படி ஒரு பாசம் சார்! மாப்பிள்ளை வந்தா எந்திரிச்சு நிக்கற மாதிரி, நீங்க வந்தா கோடு எந்திரிக்குது. நீங்க போனா உக்காந்துடுது!"

என் மாணவி சிரிக்கவில்லை. அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொறியின் வாய்க்கு எதிரே குனிந்து, மெழுகுவத்தியை அணைப்பவன்போல் மெல்ல ஊதினேன். கோடு திரையின் உச்சியை முட்டிற்று. நீர்ப்படிகள் யாவும் கரைந்து தரையோடு தரையாயின. காற்றில் தூவிய அயனி ஒவ்வொன்றும் நீரைக் கைவிட்டுவிட்டு, என் மூச்சில் வந்த அசிட்டோனைக் கட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

மிஷின் டாக்டரின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தி, "சார், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "எங்கப்பாவுக்கு சக்கரை ஏறினப்ப இப்படித்தான் ஒரு வாசனை அடிக்கும். டாக்டரைப் பாருங்க சார். நெஜ டாக்டரை."

அவர் போனபின் மாணவி பழைய ஆய்வேட்டை எடுத்து, ஓராண்டுக்கு முன் நான் கையொப்பமிட்ட பக்கத்தைத் திறந்து, மேசைமேல் வைத்துவிட்டு வெளியே சென்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலையில் துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், என்னிடம் படித்தவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், போன வருஷக் கதை அது. அந்தம்மா அங்க நல்லாத்தான் இருக்காங்க. இப்ப இத கிளப்பினா உங்க சக்கரை வெளிய வரும், நீட்டிப்பு கெடைக்காது. போன வருஷச் சான்றும் கேள்வியாகும். என்கிட்ட சொன்னீங்க இல்ல, அதோட விடுங்க."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி சொன்னேன் என்பது படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு மனைவியிடம் சர்க்கரையைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் கூறினேன். அவள் விளக்கை அணைத்தாள். பின்பு, "அந்த அம்மாவுக்குக் காரம் ஒத்துக்கிச்சா? நான் உங்க நாக்குக்குல்ல சமைச்சேன்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை விடுதிக்குச் சென்றேன். மூன்றாம் மாடிக் குளியலறை வரிசையின் கோடியில் கண்ணாடியக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கழுவும் அமிலத்தால் விரல்களின் ஓரங்கள் வெடித்து வெள்ளையாக இருந்தன.

"வாங்க சார். உக்காரச் சொல்ல இங்க எடமில்ல."

"அந்த அசிட்டோன் விஷயமா வந்தேன் அக்கா."

"அத விடுங்க சார். நானே ஒரு நாள் மறந்தாப்பல ஊத்தியிருப்பேன். நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். பதினொரு வருஷத்துல ஒரு நாள் கை தவறாதா? அத்தன படிச்சவங்க சொல்றப்ப, தவறித்தான் இருக்கும்."

இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. வழியெல்லாம் அவருடைய கோபத்துக்கு விடை தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவரோ என் பொய்யை ஓராண்டாகத் தமக்குள் வைத்துப் பழக்கி, தமது நினைவாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். அசிட்டோன் பாட்டிலை எடுப்பதாக ஒரு கனவுகூட வந்ததாம்.

"நீங்க ஊத்தல அக்கா. அது என் மூச்சுல இருந்து வந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. பட்டினியையும் திறந்திருந்த பொறியின் வாயையும் விளக்கினேன். முப்பதாண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அந்த நான்கு வாக்கியங்களைக் கோவையாகச் சொல்ல வரவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பழ வாசனையா சார்?"

"ஆமா."

சிரிக்கத் தொடங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு தேய்ந்து அடங்கியபின் தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் மெதுவாக.

தாழ்வாரத்தில் ஒரு மாணவன் தலையை நீட்டி, "பாத்ரூம் அக்கா! தண்ணி வரல!" என்று கத்திவிட்டுப் போனான். அவர் திரும்பாமலே "வரேன்" என்றார்.

"ஏன் அக்கா அன்னைக்கி டப்பாவ உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"நீங்க குழாயப் பாத்தீங்களே சார். சொல்லாதன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு முன்னாடியே கேட்டும் இருந்தீங்க."

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தேன். விடியற்காலையில் எழுதிய கடிதம். எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன், துறைத்தலைவரிடம் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவர் கைநீட்டவில்லை.

"லெட்டர்லதான் சார் என்னை அனுப்பினீங்க. இன்னொரு லெட்டர் என்னத்துக்கு? அது ஏதாவது அலமாரிக்குள்ள போய் உக்காந்துக்கும். அன்னைக்கி யார் யார் நின்னாங்களோ அவங்கள அதே எடத்துல நிக்கவச்சு, வாயால சொல்லுங்க. நானும் வந்து ஓரமா நிக்கறேன். கேட்டுட்டு வந்துடறேன்."

"திரும்ப அங்கயே வேலைக்கு..."

"அத அப்பறம் பாக்கலாம் சார். இது மொதல்ல."

துடைப்பங்களும் வாளிகளும் வைத்திருந்த அறைக்குள் சென்று, பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். "இதுல நான் சாப்பிடவே இல்ல. என்னோடதுன்னு சொல்லிட்டேனே தவிர, அடுத்தவங்க வீட்டு டப்பா" என்று என் கையில் கொடுத்தார்.

அவர்களை ஒன்றுகூட்ட ஒரு வாரம் பிடித்தது. என்ன காரணம் என்று கண்காணிப்பாளர் மூன்று முறை கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். துறைத்தலைவர் என்னைத் தனியே அழைத்து, "யோசிச்சுத்தான் செய்றீங்களா சார்?" என்றார். அவர் மேசைமேல் என் இரண்டாம் நீட்டிப்புத் தாள் இருந்தது. மருத்துவச் சான்று ஒட்டவேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. யோசித்துத்தான் என்றேன்.

புதன்கிழமை காலை, முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் கண்ணாடியக்காவும் நானுந்தான். இயந்திரம் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டி பயனின்றிக் காய்ந்து கிடந்தது. அவர் இயந்திரத்தின் தட்டிலிருந்து ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிச் சுற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்ப வைத்தார். பின்பு என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, துணியைப் பிரித்து, குழாயைத் திறந்தார். குழாய் இருமுறை இருமியது. செம்பழுப்பாகச் சிறிது விழுந்து, பிறகு தெளிந்தது. ஓராண்டாகத் துணிக்குள் இருந்ததை எதற்குக் கழுவுகிறார் என்று கேட்கத் தோன்றிற்று. கேட்கவில்லை. மும்முறை அலசி உலர்த்தும் பலகையின்மேல் வைத்து, மூடியைத் தனியே அதன்மேல் சாய்த்து நிறுத்தினார். சன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்காணிப்பாளருக்கு இயந்திரத்தின் மறுபுறந்தான் இடம் கிடைத்தது. மேற்பார்வையாளரும் பேராசிரியையும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். என் மாணவி குறிப்பேட்டைத் திறந்து, எழுதுகோலின் மூடியைக் கழற்றினாள். நான் காலையில் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். ஆயினும் வாயைத் திறக்க அஞ்சினேன். அத்தனை பேரும் அவ்வளவு நெருக்கத்தில் நின்றார்கள்.

"சொல்லுங்க சார்" என்றார் துறைத்தலைவர்.

என் கண்கள் தாமாகவே குழாயை நோக்கிப் போயின. திருப்பினேன்.

"இந்த டப்பா என்னோடது" என்றேன்.

எழுதுகோல் தாளில் உராயும் ஒலி மட்டும் கேட்டு, நின்றது. எல்லோருடைய பார்வையும் பலகையை நோக்கித் திரும்பிற்று; கண்ணாடியக்காவும் பார்த்தார். சாய்த்து நிறுத்திய மூடியின்மேலிருந்து நீர் ஒரே துணியாக வழிந்து இறங்கிவிட்டிருந்தது. என் மனைவி குத்திய பூவின் நடுவே ஒரு முத்து மட்டும், சன்னல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்காமல் நின்றது.